பத்து வயது மகளுக்கு முதல் தேசிய கார்ட்டிங் ரவுண்டு: எதற்கெல்லாம் தயாராகப் போகணும்?

மைக்ரோ_அம்மா | மேடவாக்கம்

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்குப் பத்து வயது. வாடகை கோ-கார்ட்டில் ஆரம்பித்தவள், இப்போது ஒரு அணியோடு சேர்ந்து முறையாகப் பயிற்சி எடுக்கிறாள். கிளப் ரேஸ் ஓட்டிய அனுபவம் உண்டு. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப் ரவுண்டில் சின்னப் பிள்ளைகளுக்கான மைக்ரோ மேக்ஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) லைசென்ஸ், மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் தயார்.

அணியில் எதைக் கேட்டாலும் "நாங்க பார்த்துக்கிறோம் மேடம்" என்ற ஒரே பதில்தான். கார்ட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. என் வேலை என்ன என்று யாரும் சொல்லவில்லை. ரேஸ் வாரம் எப்படிப் போகும், எதற்கெல்லாம் தண்டனை, நான் எங்கே நிற்கலாம்? இன்னொரு கவலை: அவள் 27 கிலோதான். கூட ஓட்டும் பையன்கள் சிலர் இவளைவிட ஒரு தலை உயரம்.

செட்டிபாளையம்_ஸ்பேனர் | கோவை

எடையை முதலில் முடித்துவிடலாம். எல்லா அம்மா அப்பாவும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

கார்ட், ஓட்டும் பிள்ளை, ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறைந்தபட்ச எடை இருக்கிறது. குறைந்தால் ஈயக்கட்டி வைத்து ஈடு செய்ய வேண்டும். 27 கிலோப் பிள்ளைக்கு நிறைய ஈயம் வரும், அது பாதகம் இல்லை. கனமான பிள்ளையின் எடையை அவன் உடம்பு எங்கே வைத்திருக்கிறதோ அங்கேதான் ஏற்க முடியும். உங்கள் பெண்ணுக்கு அந்த எடையைத் தாழ்வாகவோ, முன்னாலோ பின்னாலோ, எங்கள் இஷ்டப்படி வைக்கலாம். ஒரே நிபந்தனை, கட்டிகளை இறுக்கும் போல்ட்டுகளை ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால் யாராவது தொட்டுப் பார்க்கணும். ஈயம் ஆடினால் சீட்டில் விரிசல் விழும். டிராக்கில் கழன்று விழுந்தால் பின்னால் வரும் பிள்ளைக்கு ஆபத்து.

தராசு ரேஸ் முடிந்த பிறகு. டேங்கில் பெட்ரோல் தீர்ந்திருக்கும், பிள்ளை வேர்த்திருக்கும். குறைந்தபட்சத்தைவிட இரண்டு கிலோ கூடுதலாக வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அரை கிலோ குறைவால் முடிவே ரத்தாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் பற்றிக் கவலை வேண்டாம். ரோடாக்ஸ் 125 சிசி, டூ ஸ்ட்ரோக், தண்ணீர் குளிர்விப்பு. மைக்ரோவிலிருந்து சீனியர் வரை அடிப்படை ஒன்றுதான், சின்ன வகுப்புகளில் மூச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். சீனியரில் 30 குதிரைத்திறன், ஜூனியரில் 23, மினியில் 15 அளவில், மைக்ரோவில் அதற்கும் கீழே. சீல் வைத்த இன்ஜின். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தவிர யாரும் திறக்கக் கூடாது. சீல் எண்ணை இன்ஜினின் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கொடிக்காரன் | சென்னை

நான் தன்னார்வ மார்ஷல். நாலு சக்கரம், ரெண்டு சக்கரம் எல்லாவற்றுக்கும் கொடி பிடித்திருக்கிறேன்.

முதலில் பயிற்சி ஓட்டங்கள், கூடவே ஸ்க்ரூட்டினி. கார்ட், ஹெல்மெட், உடுப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிறகு குவாலிஃபையிங், அதில் கிடைக்கும் நேரத்தை வைத்து வரிசை. அதன் பிறகு ஹீட்ஸ் எனும் சின்ன ரேஸ்கள், ப்ரீ-ஃபைனல், ஃபைனல் என்று போகும். ரவுண்டுக்கு ரவுண்டு கொஞ்சம் மாறும், துணை விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும். பிரிண்ட் எடுத்துப் படியுங்கள். பெற்றோரில் பாதிப் பேர் படிப்பதே இல்லை, தண்டனை வந்த பிறகு எங்களிடம் வந்து நிற்பார்கள்.

பிள்ளைகள் அதிகம் மாட்டுவது மூன்று இடங்களில். ஒன்று ஸ்டார்ட். உங்கள் வகுப்பில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கிடையாது, இரண்டு வரிசையாக உருண்டு வந்து விளக்கு மாறும்போது கிளம்புவது. கோட்டுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ, வரிசைப் பட்டையை விட்டு விலகினாலோ தண்டனை. இரண்டாவது முன் பம்பர். அது இடித்தால் உள்ளே இறங்கும்படி மாட்டியிருப்பார்கள். ரேஸ் முடிந்து வரும்போது இறங்கியிருந்தால் பொதுவாக 5 விநாடி சேர்த்துவிடுவோம், யார் மேல் தப்பு என்று விசாரிக்கவே மாட்டோம். முன்னால் போகிறவனை முட்டித் தள்ளும் பழக்கத்தை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. பார்க் ஃபெர்மேக்குள் (ரேஸ் முடிந்ததும் கார்ட்டுகளைச் சோதிக்க நிறுத்தும் அடைப்பு) வருவதற்கு முன் காலால் உதைத்து நிமிர்த்த நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அது இன்னும் மோசமான தண்டனை.

மூன்றாவது கொடி. மஞ்சள் எல்லாருக்கும் தெரியும். நீலத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு கொண்ட கொடியும், கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் நிறையப் பேருக்குத் தெரியாது. முதலாவது காட்டினால் முன்னணிக்காரர் உன்னைச் சுற்று முந்தப்போகிறார், பிட்டுக்குள் வந்துவிடு என்று அர்த்தம். இரண்டாவது கார்ட்டில் ஏதோ கழன்றிருக்கிறது என்பது. வீட்டில் அட்டை வெட்டிக் காட்டிப் பழக்குங்கள்.

நீங்கள் எங்கே நிற்பது என்பதற்கு: வேலிக்கு வெளியே. பார்க் ஃபெர்மேக்குள் அனுமதி அட்டை வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் இடம் இல்லை. அதிகாரிகளிடம் பேசுவது, புரோட்டஸ்ட் (எழுத்து மூலமான ஆட்சேபம்) கொடுப்பது எல்லாம் என்ட்ரண்ட், அதாவது போட்டிக்குப் பெயர் கொடுத்துப் பதிவு செய்தவர் மட்டும். அதற்கு நேர வரம்பும் கட்டணமும் இருக்கிறது. கூட வந்தவர் செய்யும் ரகளைக்கும் போட்டியாளரே பொறுப்பு. அப்பா கத்தினால் பையனின் முடிவில் கை வைக்க விதி இடம் கொடுக்கிறது.

ஹென்னூர்_வாசி | பெங்களூரு

மார்ஷல் சார் கடைசியாகச் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பையன் நன்றாக ஓட்டினான். அப்பா ஸ்டூவர்ட்ஸ் (தண்டனையை முடிவு செய்யும் அதிகாரிகள்) அறை வாசலில் போட்ட சத்தத்தில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, உள்ளேயே அழுதுகொண்டிருந்தான்.

எங்கள் பையன் மைக்ரோவில் ஆரம்பித்து இப்போது ஜூனியர். மேடம், உடம்பு விஷயத்தைச் சொல்கிறேன், அது யாரும் எழுத மாட்டார்கள். சீட் சரியான அளவு இல்லையென்றால் வளைவுகளில் பிள்ளை சறுக்கி விலா கன்றிப் போகும். விலாக் கவசம் கட்டாயம் போட்டு, அதைப் போட்ட நிலையில் சீட்டுக்கு அளவு எடுங்கள். கவசம் இல்லாமல் அளவெடுத்துவிட்டு ரேஸ் அன்று நுழைய முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைக்கு ஸ்பாஞ்சு வைத்து நிரப்பலாம். ஹெல்மெட் பெரியவர்களுடையதைச் சின்ன சைஸில் வாங்காதீர்கள். பிள்ளைகளின் கழுத்துக்கு ஏற்ற எடை குறைந்த ஸ்னெல்-எஃப்ஐஏ சிஎம்ஆர் தரத்தில் வருவதைத்தான் ஸ்க்ரூட்டினியில் ஏற்பார்கள். கழுத்துப் பட்டையும் கேட்பார்கள்.

இருங்காட்டுக்கோட்டை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையில் இட்லி, மதியம் ரேஸுக்கு முன் தயிர் சாதம் கொஞ்சமாக. தாகம் எடுத்த பிறகு தண்ணீர் கொடுப்பது தாமதம், செஷனுக்கு செஷன் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் சீட், சீல், கொடி என்று பேசுகிறீர்கள். யாராவது செலவைப் பேசலாமே. புது சேஸிஸ் (கார்ட்டின் சட்டம்), டயர், பயிற்சி நாள், அணிக் கட்டணம், பயணம்... ஒரு சீசனுக்கு லட்சக்கணக்கில் போகும். அதுவும் எதற்கு? இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் ஓட்டியவர்கள் இரண்டே பேர். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இரண்டு பேரும் நம்ம ஊர்க்காரர்கள், இரண்டு பேருக்கும் அடித்தளம் கார்ட்டிங் இல்லை. அப்புறம் எதற்குப் பத்து வயதில் இந்த ஓட்டம்?

எல்ஜிபி_முன்னாள் | கோவை

கணக்குப்பிள்ளை சார், பாதி சரி. நரேன் 1992ல் பதினைந்து வயதில் பிரான்சின் வின்ஃபீல்ட் ரேஸிங் பள்ளிக்குப் போய், அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஓட்டினார். கருணும் ஃபார்முலா மாருதியில்தான் இறங்கினார். ஏன் என்றால் அப்போது இங்கே பிள்ளைகளுக்கான கார்ட்டிங் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலம் போய், இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990ல் வந்ததே பெரிய விஷயம். எங்கள் கோவையில் கரிவரதன் அவர்கள் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டிக் கொடுத்ததால் எங்களைப் போன்றவர்களுக்கு வாசல் திறந்தது. செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர் வைத்தது சும்மா இல்லை.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். 2011ல் ஃபோர்ஸ் இந்தியா அணி நாடு முழுக்கப் பிள்ளைகளைக் கார்ட்டில் உட்கார வைத்துத் தேர்வு நடத்தியது. அர்ஜுன் மைனி, தருண் ரெட்டி, ஜெஹான் தாருவாலா மூவரும் தேர்வானார்கள். ஜெஹான் 2020 டிசம்பரில் சாகிரில் ஃபார்முலா ஒன்னுக்கு முந்தைய படியான ஃபார்முலா 2 ரேஸ் ஜெயித்தார். அர்ஜுனின் தம்பி குஷ் மைனி 2025ல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் ஜெயித்தார். இவர்கள் எல்லாரும் கார்ட்டிங் பிள்ளைகள். இன்று ஃபார்முலா ஒன் வரிசையில் கார்ட் ஓட்டாமல் வந்தவரைத் தேட வேண்டும். வெர்ஸ்டாப்பன் நாலரை வயதில் ஆரம்பித்தவர், ஹாமில்டன் எட்டு வயதில்.

ஆனால் உங்கள் கேள்வியின் மறு பாதி நியாயம்தான். ஃபார்முலா ஒன் என்ற கணக்கில் செலவு செய்கிறவர்கள் ஏமாறத்தான் போகிறார்கள். நான் ஏமாறவில்லை, ஏனென்றால் எனக்கு அந்தக் கணக்கே இருக்கவில்லை. எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற உள்நாட்டு வகுப்பில் ஓட்டினேன், வேலைக்குப் போனேன், இன்றைக்கும் வார இறுதியில் டிராக் பக்கம்தான் கிடக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

நீங்கள் சொன்ன மூன்று பேரும் பிறகு ஐரோப்பாவுக்குப் போனவர்கள். அந்த டிக்கெட்டை யார் எடுத்தார்கள் என்பதும் சேர்த்துச் சொல்லணும். சீல் வைத்த இன்ஜின், கவலை வேண்டாம் என்று ஸ்பேனர் அண்ணன் சொல்கிறார். சீல் வைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடுமா? பணம் இருப்பவர் சீல் வைத்த இன்ஜின் நாலைந்து வாங்கி, ஓட்டிப் பார்த்து, நல்லதை வைத்துக்கொள்கிறார். மற்றவை அடுத்தவர் தலையில்.

செட்டிபாளையம்_ஸ்பேனர்

அது நடக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டு இன்ஜினுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதனால்தான் ரோடாக்ஸ் உலக இறுதிப் போட்டியில் இன்ஜினும் சேஸிஸும் குலுக்கல் போட்டுக் கொடுக்கிறார்கள், சொந்தமாக எதுவும் கொண்டுபோக முடியாது. 2021லும் 2023லும் பஹ்ரைனில், 2022ல் போர்ச்சுகலின் போர்டிமாவோவில் நடந்தது அப்படித்தான். தேசியப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்கு அதற்கான இடம் கிடைக்கும். ஊரில் பெட்டி பெட்டியாக இன்ஜின் வைத்திருந்த பையன் அங்கே குலுக்கல் இன்ஜினோடு நிற்கும்போதுதான் அவன் யார் என்று தெரியும்.

ஆனால் மைக்ரோவில் இன்ஜின் வித்தியாசத்தைவிட பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. பின் இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில், டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போகணும், வெளிப்பக்கம் அதிக தூரம். அப்படியானால் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் தரையை விட்டு எழும்பினால்தான் கார்ட் திரும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரத்தின் கோணம் சேஸிஸை முறுக்கி, கயிற்றுக் கட்டில் ஒரு மூலையில் ஏறி உட்கார்ந்தால் எதிர்மூலை தூக்குவது போல, அந்தப் பின் சக்கரத்தைத் தூக்கும். அதுதான் கார்ட்டின் முழு ரகசியம். வெள்ளிக்கிழமை டிராக் வழுக்கும். ஞாயிறு மதியத்துக்குள் எல்லாரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிந்து பிடிப்பு ஏறிவிடும். அப்போது முன்தினம் நன்றாக இருந்த அதே செட்டப்பில் சக்கரம் எழும்புவதும் இறங்குவதும் மாறி, வளைவிலிருந்து வெளியே வரும்போது சக்கரம் தரையை இழுத்துப் பிடிக்கும். இன்ஜின் திணறும்.

ஒரு பையன் ப்ரீ-ஃபைனல் முடிந்து வந்தான். அப்பா முந்திக்கொண்டு "இன்ஜின் செத்துப்போச்சு, மாத்துங்க" என்றார். நான் பையனைக் கேட்டேன். "நேர்ல நல்லா போகுது அண்ணா. கடைசி வளைவுல வெளிய வரும்போது யாரோ பின்னாடி இழுக்கிற மாதிரி இருக்கு" என்றான். இன்ஜினைத் தொடவே இல்லை. பின் சக்கர அகலத்தை மாற்றினோம், டயர் காற்றைக் குறைத்தோம். சரியாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தைப் பையன் சொல்லாமல் இருந்திருந்தால் அரைமணி நேரம் இன்ஜின் மாற்றிக்கொண்டிருப்போம், குறை அப்படியே இருந்திருக்கும்.

மேடம், உங்கள் வேலை என்ன என்று கேட்டீர்களே. பிள்ளை வண்டியை விட்டு இறங்கியதும் பேசாமல் இருப்பது. அவள் முதலில் மெக்கானிக்கிடம் பேசட்டும்.

ஜூனியர்_27 | சென்னை

ஆன்ட்டி, நான் ஜூனியர் மேக்ஸ் ஓட்டுகிறேன், பத்தாவது படிக்கிறேன். ஸ்பேனர் அண்ணா சொன்னது ரொம்ப சரி. ஆனா சின்ன வயசில் அப்படிச் சொல்லத் தெரியாது. மைக்ரோவில் ஓட்டியபோது என்ன கேட்டாலும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வேன். மோசமாக இருந்தாலும் நல்லா இருக்கு என்பேன். ஏன் என்றால் பிரச்சினை என்று சொன்னால் நான் ஓட்டியது சரியில்லை என்று நினைப்பார்களோ என்று பயம்.

எங்கள் கோச் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். டிராக் படம் வரைந்த பேப்பர் ஒன்று. செஷன் முடிந்ததும் ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளே போகும்போது, நடுவில், வெளியே வரும்போது என்று மூன்று கட்டம். முன்பக்கம் திரும்ப மாட்டேங்குதா, பின்பக்கம் சறுக்குதா, பென்சிலால் அம்பு போட வேண்டும். பேச வேண்டாம், போட்டால் போதும். அதற்குப் பிறகு மைக்ரானில் (ஸ்டீயரிங்கில் மாட்டும் நேரக் கருவி) லேப் டைம் பார்ப்போம். முதலில் டைம் பார்த்தால் டைமுக்கு ஏற்ற மாதிரி பதில் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று. தயவு செய்து வேலி ஓரம் நின்று கை காட்டாதீர்கள். நாங்கள் பார்க்க மாட்டோம் என்று நினைக்கிறீர்கள். நாங்கள் பார்ப்போம். நான் அம்மா சேலைக் கலர் பார்த்துக்கொண்டே பிரேக் போட மறந்திருக்கிறேன்.

ஹென்னூர்_வாசி

தம்பி, பத்தாவது என்றால் இந்தப் பக்கம் என்ன வேலை, போய்ப் படி. 🙂 பேப்பர் யோசனை அருமை. எங்கள் பையனுக்கு இன்று மாலையே.

மைக்ரோ_அம்மா

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "நல்லா இருக்கு" பதில் எங்கள் வீட்டிலும் அப்படியே. நான் அதை நம்பிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒரு கேள்வி. இவ்வளவு கவசம் சொல்கிறீர்கள், கார்ட்டில் சீட் பெல்ட் ஏன் இல்லை? மாமனார் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டே என்னை மடக்குகிறார்கள். 2023ல் நடந்ததையும் சொல்கிறார்கள்.

கொடிக்காரன்

மாமனாருக்கு இப்படிச் சொல்லுங்கள். ரேஸ் காரில் பெல்ட் எதற்கு? கார் உருண்டாலும் தலைக்கு மேல் கூண்டு இருக்கிறது, அந்தக் கூண்டுக்குள் ஆள் இருக்கணும், அதற்கு. கார்ட்டில் கூண்டு கிடையாது. உருண்டால், பெல்ட் போட்ட பிள்ளை கார்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெல்ட் இல்லாவிட்டால் விலகி விழும், அதற்குத்தான் உடுப்பு, கையுறை, விலாக் கவசம், கழுத்துப் பட்டை எல்லாம். இது உலகம் முழுக்க ஒரே மாதிரி.

2023 பற்றி. ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய பைக் ரேஸில் 13 வயதுப் பையன் ஒருவன் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். அதே வருடம் ஜனவரியில் கார் ரேஸில் 59 வயது மூத்த ஓட்டுநர் ஒருவர் இறந்தார். பைக்கும் கார்ட்டும் ஒன்றல்ல என்று சொல்வது எளிது, உண்மையும்கூட. கார்ட் தரையோடு தரையாக நாலு சக்கரத்தில் போகிறது. விழுவது என்பது பைக்கில் போல அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அபாயமே இல்லை என்று சொல்லும் அணியிடம் பிள்ளையை விடாதீர்கள். ஆம்புலன்ஸ் இடத்தில் இல்லாவிட்டால் செஷனைத் தொடங்க விட மாட்டோம். பயிற்சி நாளிலும் அதையே உங்கள் அணியிடம் கேளுங்கள். ரேஸ் நாளைவிடப் பயிற்சி நாளில்தான் இதில் மெத்தனம்.

எல்ஜிபி_முன்னாள்

இந்தக் கடைசி வரியை யாராவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டணும்.

கணக்குப்பிள்ளை

ஒரு உருப்படியான கேள்வி நானும் கேட்கிறேன், ஏனென்றால் என் அக்கா பையன் ஆரம்பிக்க ஆசைப்படுகிறான், அதனால்தான் இவ்வளவு பேசினேன். குறைந்த செலவில் வழி உண்டா, இல்லையா?

செட்டிபாளையம்_ஸ்பேனர்

இப்போதுதானே உண்மை வருகிறது! உண்டு. முதல் வருடம் சொந்தக் கார்ட் வேண்டாம். வாடகைக் கார்ட்டில் லேப் டைம் நிலையாக வருகிறதா என்று பாருங்கள், வேகமாக ஒரு சுற்று அல்ல, ஒரே மாதிரி பத்துச் சுற்று. அப்புறம் பழைய சேஸிஸ் வாங்கலாம், ஆனால் வெல்டிங் இடங்களையும் அடிக்குழாய் தரையில் உரசித் தேய்ந்திருப்பதையும் பார்த்துத்தான். வளைந்த சேஸிஸை எந்த செட்டப்பும் காப்பாற்றாது. ரேஸ் வாரத்துக்கு டயருக்குக் கட்டுப்பாடு இருக்கும், குறியிட்ட டயரைத்தான் போட முடியும், அதனால் அதில் பணக்காரருக்குப் பெரிய சலுகை இல்லை. பணம் விளையாடுவது பயிற்சி நாட்களில். அங்கே பழைய டயரில் ஓட்டிப் பழகலாம், பிள்ளைக்குக் கை நன்றாகப் படியும்.

மழை டயர் ஒரு செட் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ரவுண்டு வந்தால் தேவைப்படும்.

எல்ஜிபி_முன்னாள்

அதோடு, ஐரோப்பா மட்டும்தான் வழி என்பது பழைய கதை. 2023லிருந்து இங்கேயே ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப் இருக்கிறது, 15 வயதில் இறங்கலாம். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெரு ரேஸ் நடந்ததே, அதில் இந்த வகுப்பும் ஓடியது. மலிவு இல்லை. ஆனால் விமானம் ஏறாமல் அடுத்த படி இருக்கிறது. அக்கா பையனுக்குப் பெண் பிள்ளைகளோடு போட்டி போடத் தயாராக இருக்கச் சொல்லுங்கள், கார்ட்டில் தனி வகுப்பு கிடையாது. வதோதராவின் மீரா எர்டா கார்ட்டில் ஆரம்பித்து ஃபார்முலா கார் வரை பையன்களோடு சேர்ந்துதான் ஓட்டினார்.

மைக்ரோ_அம்மா

ரவுண்டு முடிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

குவாலிஃபையிங்கில் பின்வரிசை. ப்ரீ-ஃபைனலில் நாலு பேரை முந்தினாள், அதில் ஒருவரை முந்தும்போது பம்பர் உள்ளே போனதால் 5 விநாடி சேர்ந்து, முந்தியதெல்லாம் கணக்கில் காணாமல் போனது. அவள் என்னைப் பார்த்தாள், நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அவ்வளவுதான். அணியின் மேனேஜர் எங்களைவிட அதிகம் கோபப்பட்டார். ஃபைனலில் பம்பர் அப்படியே இருந்தது, நடுவில் முடித்தாள்.

ஜூனியர் தம்பியின் பேப்பர் வேலை செய்தது. முதல் நாள் எல்லாக் கட்டத்திலும் சிரிக்கும் முகம் வரைந்து கொடுத்தாள். இரண்டாம் நாள் ஒரே ஒரு அம்பு. ஃபைனலுக்கு முன்னால் ஐந்து அம்பும், ஓரத்தில் "நேர்ல முடியிற இடத்துல சத்தம் மட்டும் கத்துது, வேகம் ஏறல" என்று எழுத்தும். மெக்கானிக் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அது என்ன அண்ணா? அடுத்த ரவுண்டு கோவையில், அங்கே நேர்பாதை இதைவிட நீளம் என்கிறார்கள்.

செட்டிபாளையம்_ஸ்பேனர்

பொண்ணு கெட்டிக்காரி. நேர்பாதை முடிவதற்கு முன்பே இன்ஜின் தன் உச்ச சுழற்சியைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் லிமிட்டர் விடாது. கத்தும், ஏறாது. பின் பல்சக்கரத்தில் பல் எண்ணிக்கையைக் குறைக்கணும். வளைவிலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் மந்தமாகும், நேரில் நீண்டு போகும். ரேஸுக்கு முன் நேரம் இல்லாமல் உங்கள் ஆள் விட்டிருப்பார், அல்லது முன்னால் போகிறவர் பின்னால் ஒட்டிப் போகும்போது காற்று இழுப்பில் அப்படி ஆகும் என்று தெரிந்தே விட்டிருப்பார். கேளுங்கள், இப்போது கேட்கலாம்.

செட்டிபாளையம் கரி டிராக்கில் இந்தக் குறை இன்னும் சீக்கிரம் வரும். வெள்ளிக்கிழமை முதல் செஷனுக்கே இருங்காட்டுக்கோட்டையில் போட்டதைவிட ஒன்றிரண்டு பல் குறைந்த சக்கரம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விதிப் புத்தகம் உங்கள் வகுப்புக்கு என்ன அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு. பல் மாறினால் செயின் நீளமும் மாறும், கூடுதல் செயின் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். கோவையில் காலைக் குளிருக்கு ஒரு மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை), மதியத்துக்கு எண் குறைந்த ஜெட் என்று மாற்ற வேண்டி வரும், அதையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். வந்தால் பேடாக்கில் (அணிகள் தங்கி வேலை செய்யும் இடம்) என்னைப் பாருங்கள், அந்தப் பேப்பரையும் கொண்டுவாருங்கள்.